ஒரே உயரத்துக்கு அறுத்த ஆறு மேசைகள்

மில்லி முதன்முதலாக நூலகத்துக்கு வந்தபோது அறையை அளக்கவில்லை, ஆட்களை அளந்தார்.

ஆறு புதுக் கணினிகள் பெட்டியோடு வந்து இறங்கியிருந்தன. அவற்றுக்கு மர மேசை செய்ய வேண்டும் என்று நூலகர் அம்மா ஆள் அனுப்பியிருந்தார். நான் அப்போது கணினிப் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தச்சர் வருவார், டேப்பை உதறி நீட்டுவார், சுவரோரம் குந்துவார், நாலு எண்ணை எழுதிக்கொண்டு போவார் என்று நினைத்தேன். இவரோ செய்தித்தாள் மேசையின் மூலையில் இடம்பிடித்து ஒன்பது நாள் சும்மா உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு பத்திரிகை. பக்கம் புரட்டிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. யார் முதுகை எப்படி வளைக்கிறார்கள், யாருக்குக் கால் தரையில் படவில்லை, யார் இடது கையால் எழுதுகிறார்கள் என்பதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் எழுந்து, தினமும் வரும் ஓய்வுபெற்ற ஒரு வங்கிப் பெரியவரிடம் போனார்.

"சார், கொஞ்சம் முட்டியக் காட்டுங்க."

"எதுக்குப்பா?"

"தரையிலேர்ந்து எத்தனை மில்லி வருதுன்னு பாக்கணும்."

"முட்டிய டாக்டர்தான் பாப்பார்னு நெனச்சிட்டிருந்தேன்."

"அவர் வலி வந்தப்புறம் பாப்பார் சார். நான் வர்றதுக்கு முன்னாடி பாக்கறேன்."

அமைதி காக்கவேண்டிய இடத்தில் நாலு பேர் சத்தமாகச் சிரித்தார்கள். நூலகர் அம்மாவும் சிரித்தார். அன்று மாலைக்குள் பதினேழு முட்டிகளும் பதினேழு முழங்கைகளும் ஒரு பழைய நோட்டில் ஏறிவிட்டன.

அவருடைய சொந்தப் பெயரைத் தெருவில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சென்டிமீட்டர், அடி, அங்குலம் எதுவும் அவர் வாயில் வராது. பேருந்து நிறுத்தம் எவ்வளவு தூரம் என்று கேட்டவரிடம் "மூணு லட்சம் மில்லி இருக்கும்" என்று சொன்னாராம். அன்றிலிருந்து மில்லி. அவர் மனைவியே "உங்க மில்லி இன்னும் வரலையா?" என்றுதான் தொலைபேசியில் கேட்பார்.

பதினைந்து வயதில் ஒரு சவப்பெட்டிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். ஏழு வருடம் அங்கே இருந்தார். "பெட்டி சின்னதாப் போச்சு, மாத்திக் குடுன்னு எவனும் எழுந்து வர மாட்டான் தம்பி. அதனாலதான் அங்க அளவு தப்பவே கூடாது" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார். சொல்லிவிட்டு மேசை விளிம்பை விரலால் தடவிக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு கதவு, அலமாரி, பள்ளி பெஞ்சு. கல்யாணமாகி நாலு வருடம் கழித்து அவர் மனைவியின் தங்கைக்கும் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை மின்விசிறி விற்கும் கம்பெனியில் இருந்தவர். கம்பெனி மூடியது. சகலை மரப்பட்டறைக்குள் வந்தார்.

பதினெட்டு வருடம் அந்த இரண்டு பேரும் ஒரே பட்டறை. அக்கா தங்கை இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரே சுவர். இந்த வீட்டில் தும்மினால் அந்த வீட்டிலிருந்து பதில் வரும். மில்லி பேசமாட்டார், சகலை நிறுத்தமாட்டார். வேலை பிடிப்பது, அலுவலகங்களில் ஏறி இறங்குவது, வரைபடம் போட்டுக் கையெழுத்து வாங்குவது எல்லாம் சகலை. மரத்தைத் தொடுவது மில்லி. மேசையை ஏற்றி இறக்கும்போது மட்டும் இருவரும் சேர்ந்து தூக்குவார்கள். சகலை பின்பக்கமாக நடந்துகொண்டே, வழியில் வருகிற படியைப் பற்றியும் அதைக் கட்டிய கொத்தனாரைப் பற்றியும் வசைபாடிக்கொண்டே போவார்.

அவர்கள் வேலையில் ஒரு பழக்கம் இருந்தது. அலுவலகத்துக்குக் கொடுக்கும் வரைபடத்தில் ஒரே ஓர் அளவுதான் இருக்கும். உண்மையான அளவுகள் மில்லியின் நோட்டில் இருக்கும். "காகிதம் ஆபீசுக்கு. மரம் உக்கார்றவங்களுக்கு" என்பார் மில்லி. சகலை போட்டுக் கொண்டுவந்த தாளில் "மேசை ஆறு, உயரம் 720" என்று இருந்தது. மில்லி படிக்காமலே கீழே கையெழுத்துப் போட்டார். பதினெட்டு வருடமாக அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

செய்த மேசைகளில் ஒன்றுதான் எழுநூற்று இருபது. குள்ளமான ஓய்வுபெற்ற ஆசிரியைக்கானது அது, காலடியில் ஒரு சாய்வுப் பலகையோடு. மற்ற ஐந்தும் அதைவிட உயரம், ஒவ்வொன்றும் ஒரு விதம். ஒன்றில் மவுஸ் தட்டு இடப்பக்கம். ஒன்றில் திரை கொஞ்சம் பின்னால் தள்ளி, வங்கிப் பெரியவரின் கண்ணாடிக்கு ஏற்றபடி. எல்லாவற்றுக்கும் இரண்டு பக்கமும் அகலமான பலகை, அந்தப் பலகையே தரை வரை இறங்கிக் காலாகவும் நிற்கும். பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்க முடியாது. கம்பிகளெல்லாம் பின்னால் ஒரு மரக்குழாய்க்குள் ஓடிவிடும். ஒவ்வொரு மேசையின் அடியிலும், யாருக்கென்று பென்சிலால் எழுதியிருந்தார்.

எல்லாவற்றிலும் உயரமானது ஆறாவது. அது மனு அக்காவுக்கு.

மனு அக்கா சக்கர நாற்காலியில் வருவார். ஊரில் யாருக்கு என்ன விண்ணப்பம் எழுதவேண்டுமென்றாலும் அவரிடம்தான் வருவார்கள். குடிநீர் இணைப்பு, பெயர் திருத்தம், மருமகன் மீது புகார், எதுவானாலும் சரி. பழைய இரும்பு மேசைகளுக்கு அடியில் அவர் நாற்காலியின் கைப்பிடி நுழையாது. அதனால் விசைப்பலகையை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு முழம் தள்ளியிருக்கும் திரையைக் கழுத்தை நீட்டிப் பார்த்துத் தட்டுவார். சாயங்காலம் போகும்போது தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே போவார்.

மில்லி அவர் நாற்காலியை மட்டும் மூன்று முறை அளந்தார்.

"கைப்பிடி எழுநூத்தி முப்பத்தஞ்சு. மேசை அடி எழுநூத்தி அம்பது. மேல பலகை இருபத்தஞ்சு. மொத்தம் எழுநூத்தி எழுபத்தஞ்சு. உன் நாற்காலி அப்படியே உள்ள போகும்மா."

"போகலைன்னா?"

"போகலைன்னா என் பேர மாத்திக்க."

"உங்க பேர ஏற்கெனவே மாத்தியாச்சேண்ணே."

"அப்போ போயே ஆகணும்."

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் முன்பு மேசைகள் வந்தன. மனு அக்காவை அழைத்து உட்காரச் சொன்னார் மில்லி. நாற்காலி உள்ளே போனது. அவர் வயிறு மேசை விளிம்பைத் தொட்டது. இரண்டு முழங்கைகளையும் பலகை மேல் வைத்தார். பிறகு, "இந்தத் தெரு முழுக்க என் மனுதான் போயிருக்கு. எனக்குன்னு ஒரு மனு நான் போட்டதே இல்ல. போடாமலே கெடச்சிருச்சு" என்றார். மில்லி காதிலிருந்த பென்சிலை எடுத்து மறுபடி அதே காதில் வைத்தார். சகலைதான் பேசினார். "பாத்தீங்களா அக்கா, எங்க சகலைக்கு வெக்கம் வந்துருச்சு. காது ரெண்டும் வார்னிஷ் அடிச்ச மாதிரி ஆயிருச்சு பாருங்க."

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு மேலதிகாரி பார்வையிட வந்தார். வாசலில் நின்றபடியே அறையைப் பார்த்தார்.

"என்னம்மா இது? சின்னப் பையன் பல்லு மாதிரி ஒண்ணு ஏறி ஒண்ணு இறங்கி இருக்கு. போட்டோ எடுப்பாங்க, தெரியுமில்ல?"

நூலகர் அம்மா, "வாசகர்களுக்கு ஏத்த மாதிரி..." என்று தொடங்கினார்.

"வரைபடத்துல என்ன இருக்கு?"

நூலகர் அம்மா தாளை எடுத்துக் காட்டினார். எழுநூற்று இருபது.

"அப்போ அதுல இருக்கற மாதிரி நிறுத்துங்க."

நூலகர் அம்மா கெட்டவர் இல்லை. அன்று மதியம் சாப்பிடவில்லை. ஆனால் மில்லியை அழைக்கவும் இல்லை. சகலையை அழைத்தார்.

மறுநாள் நூலகம் விழாவுக்காக மூடியிருந்தது. காலை பதினொரு மணிக்குச் சகலை ஒரு வட்ட ரம்பத்தோடு வந்தார், தனியாக. நானும் நூலகர் அம்மாவும் மட்டும் இருந்தோம். ஆசிரியையின் மேசையைத் தவிர மற்ற ஐந்தையும் ஒவ்வொன்றாகத் தலைகீழாகப் புரட்டிப் போட்டு, எழுநூற்று இருபதில் கோடு கிழித்து அறுத்தார். மனு அக்காவின் மேசையில் ஐம்பத்தைந்து மில்லி போனது. அறுபட்டு விழுந்த மரத்துண்டுகளை ஒரு சாக்கில் போட்டுக் கட்டினார். அன்று முழுவதும் அவர் பேசவே இல்லை என்பதை நான் கவனித்தேன். ரசமட்டத்தை ஆறு மேசைக்கும் குறுக்கே வைத்தார், குமிழி நடுவில் நின்றது. என் போனில் மில்லியின் எண் இருந்தது. ரம்பம் ஓடிய நேரமெல்லாம் அது என் சட்டைப் பையில் இருந்தது. நான் அழைக்கவில்லை.

மில்லி அப்போது ஊருக்கு வெளியே நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு மரவாடியின் வாசலில் நின்றிருந்தார். இரண்டடி அகலத்தில், ஒட்டே இல்லாத ஒரே பலகை ஒன்று அங்கே வந்திருப்பதாகச் சகலை சொல்லியிருந்தார். "இன்னிக்கே போ சகலை, நாளைக்கு எவனாவது தூக்கிருவான்." அப்படி ஒரு பலகைக்காக மில்லி வருடக்கணக்காகக் காத்திருந்தார். இரண்டு பேருந்து மாறிப் போனார்.

விழா அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கொஞ்சம் தாமதமாக வந்தார். அறை வாசலில் நின்றார். உள்ளே தரையெல்லாம் பினாயில் போட்டுத் துடைத்திருந்தோம். அதையும் மீறிப் புதிதாக அறுத்த மரத்தின் வாசனை இருந்தது. ஒரு வாரத்துக்கு முன்பே வேலை முடிந்த அறையில் அந்த வாசனைக்கு இடமே இல்லை. அவர் முகம் அங்கேயே மாறியது. மேசைகள் கோடு போட்டது போல் நின்றன. போட்டோக்காரர் "சூப்பரா இருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மில்லி டேப்பை எடுக்கவில்லை. போய் ஆறாவது மேசைக்குப் பக்கத்தில் நின்று விளிம்பு தன் தொடையில் எதுவரை வருகிறதென்று கை வைத்துப் பார்த்தார், அவ்வளவுதான். பிறகு வெள்ளைச் சட்டையோடு தரையில் மல்லாந்து படுத்து அடியில் பார்த்தார். பென்சில் எழுத்து அப்படியே இருந்தது.

அதே நேரம் மனு அக்கா வந்தார். புதுப் புடவை. நேராக ஆறாவது மேசைக்கு வந்து, போன வாரம் போலவே ஒரே தள்ளாகத் தள்ளினார். நாற்காலியின் இரண்டு கைப்பிடிகளும் பலகை விளிம்பில் மோதின. ஒரு பழச்சாறு டம்ளர் கவிழ்ந்தது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தன்னிடம்தான் ஏதோ தப்பு என்பதுபோல அவர் பின்னால் நகர்ந்து, நேர்ப்படுத்திக்கொண்டு, மறுபடி மெதுவாகத் தள்ளினார். மறுபடி மோதியது.

"அண்ணே, அன்னிக்குப் போச்சேண்ணே?"

மில்லி தரையிலிருந்து எழுந்து நேராக நூலகர் அம்மாவிடம் போனார்.

"யாரும்மா அறுத்தது?"

அவர் மேசை இழுப்பறையிலிருந்து வரைபடத்தை எடுத்து நீட்டினார். "மேலேர்ந்து சொல்லிட்டாங்க. நீங்க கையெழுத்துப் போட்டதுதானே இது? இதுல இருக்கற மாதிரிதான் பண்ணியிருக்கு."

மில்லி தன் கையெழுத்தையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பக்கத்தில் சகலையின் கையெழுத்து, வழக்கம்போல் வாலை நீட்டிக்கொண்டு. "என் ரம்பம்தான். அந்தப் பல்லு வெட்டு எனக்குத் தெரியும்" என்று மெல்லச் சொன்னார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

பின்பக்கம் சைக்கிள் நிறுத்துமிடத்தில் சகலை நின்றிருந்தார். நான் ஈரத்துணி பிழியப் போனவன், குழாயடியிலேயே நின்றுவிட்டேன்.

"சகலை, மரவாடில என்ன பலகை இருக்குன்னு சொன்னே?"

"ஏன், இல்லியா? வித்துட்டானா?"

"பூட்டியிருந்துச்சு. பக்கத்துக் கடைக்காரன் மூணு வாரமாப் பூட்டித்தான் இருக்குன்னான்."

சகலை ஒரு சைக்கிளின் மணியைத் திருகிக்கொண்டிருந்தார்.

"தெரிஞ்சேதான் அனுப்பினியா?"

"நீ இருந்தா விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

"அதான்னா?"

"அந்த ஆபீசரு எட்டுக் கிளை நூலகத்துக்கும் மேசை போடப் போறாரு சகலை. இதையே வரிசையா நிறுத்தத் தெரியாதவன் எதுக்குன்னு கேட்டாரு. நான் எனக்கு மட்டுமா கேட்டேன்? நம்ம ரெண்டு பேருக்கும்தானே?"

"மனு அக்கா மேசையப் புரட்டிப் போட்டப்போ அடியில எழுதியிருந்தது தெரிஞ்சிதா?"

"தெரிஞ்சிது."

"படிச்சியா?"

"படிச்சேன்."

"படிச்சிட்டு அறுத்தே."

"பத்து நாள் போகட்டும் சகலை. யாரும் பாக்காதப்போ அடியில கட்டை குடுத்துத் தூக்கிடலாம். ஐம்பத்தஞ்சு மில்லிதானே!"

"இத்தன வருஷத்துல உன் வாயில மில்லின்னு வந்ததே இல்ல, இன்னிக்குத்தான் வருது" என்றார் மில்லி. குரல் உயரவில்லை. "அறுத்தது கூடப் பரவாயில்ல. எனக்கு எதுல ஆசைன்னு பாத்து வெச்சிருக்கே பாரு. எதச் சொன்னா நான் ரெண்டு பஸ் மாறிப் போவேன்னு. நான் ஊர்ல எல்லாரையும் அளந்தேன். பக்கத்துலயே இருந்து என்னை ஒருத்தன் அளந்துட்டிருந்திருக்கான்."

"சகலை..."

"போ. உள்ள போட்டோ எடுக்கறாங்க."

திரும்பியவர் குழாயடியில் என்னைப் பார்த்தார்.

"தம்பி, அன்னிக்கு நீயும் இருந்தேல்ல?"

"இருந்தேன்."

தலையை ஆட்டினார். என்னை அவர் ஒன்றும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அதற்குப் பிறகு பட்டறை இரண்டானது. எட்டுக் கிளை வேலையும் சகலைக்கே வந்தது. இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு நாற்பத்தெட்டு மேசைகள் செய்தார், எல்லாம் எழுநூற்று இருபது. அக்காவும் தங்கையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்துப் பார்த்தார்கள். "ரெண்டு ஆம்பளைங்களும் சுவத்தப் பாத்துட்டு உக்காந்திருந்தாங்க. எங்க வீட்டுச் சுவத்துல அவ்வளவு அழகா என்ன இருக்குன்னு எனக்கே தெரியல" என்று மில்லியின் மனைவி நூலகத்துக்கு வந்தபோது சொன்னார். சிரிப்பதுபோல் தொடங்கினார், முடிக்கவில்லை.

கட்டை கொடுத்து உயர்த்துவது நடக்கவில்லை. பத்து நாள் போனது, இருபதும் போனது. நூலகர் அம்மா, "சரக்குப் பட்டியல்ல 720ன்னு ஏறிருச்சு, இனிமே ஒரு மில்லி மாத்தணும்னாலும் மேலேர்ந்து எழுதி வரணும்" என்றார். மனு அக்கா தன் கைப்பட ஒரு மனு அடித்துக் கொடுத்தார். பதில் வரவில்லை. விசைப்பலகை பழையபடி மடிக்குப் போனது. தேக்கில் செய்த ஆறாவது மேசைக்கு முன்னால், ஒரு முழம் தள்ளி, கழுத்தை நீட்டிக்கொண்டு அவர் உட்கார்ந்திருப்பார். மில்லி அந்தத் தெரு வழியாகப் போவதையே நிறுத்திவிட்டார்.

ஏழாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தோளில் ஒரு பலகையோடு வாசலில் நின்றார்.

நூலகர் அம்மா எழுந்து வந்தார். "என்ன இது?"

"மேசை."

"பட்டியல்ல ஆறுதானே..."

"எழுதாதீங்கம்மா. யாராவது வந்தா பிரிச்சு அலமாரிக்குப் பின்னாடி சாத்திக்கலாம்."

அவர் வழிவிட்டார். மில்லி பலகையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் திரும்பிப் போனார். பட்டறை இரண்டு தெரு தள்ளி. மொத்தம் நாலு நடை வந்தார். இரண்டு பக்கப் பலகை, மேல்பலகை, பின்னால் ஒரு குறுக்குக் கட்டை. மேல்பலகைதான் கனம். மூன்றாவது நடையில் அதைத் தலையில் வைத்துக்கொண்டு, இடுப்பை ஒரு பக்கம் ஒடித்து வந்தார். அவருக்குப் பத்தடி பின்னால் சகலை வந்துகொண்டிருந்தார், இரண்டு கைகளையும் ஏதோ தாங்குவதுபோல் முன்னால் லேசாக நீட்டியபடி. நூலகக் கேட்டு வரைக்கும் வந்தார். மில்லி ஒருமுறையும் திரும்பவில்லை.

நான் ஓடிப்போய் மேல்பலகையின் ஒரு முனையைப் பிடித்தேன்.

"வேணாம் தம்பி, விடு."

"கனமா இருக்குண்ணே."

"கனம்தான். ஒத்த ஆள் தூக்கற மாதிரிதான் செஞ்சிருக்கேன்."

கையை எடுத்துக்கொண்டேன்.

ஆணி இல்லை, திருகு இல்லை. துளைக்குள் முளை சொருகி, ஆப்பு வைத்துச் சுத்தியலால் நாலு தட்டு. கால்மணி நேரத்தில் மேசை நின்றது. மனு அக்காவைப் பார்த்து, "வாம்மா" என்றார். அவர் இந்தமுறை ஒரே தள்ளாகத் தள்ளவில்லை. கையை நீட்டி விளிம்பைத் தொட்டுக்கொண்டு, அங்குலம் அங்குலமாக உள்ளே வந்தார். நாற்காலி போனது. அப்போதும் நம்பாமல் கைப்பிடிக்கு மேலே விரலை விட்டுப் பார்த்தார்.

"நாலு நடையாண்ணே நடந்தீங்க? சகலை அண்ணன் கேட்டுப் பக்கத்துலதான் நிக்கறாரு, ஒரு கை பிடிக்கச் சொல்லியிருக்கலாமே?"

மில்லி மீந்த ஆப்புகளைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"இனிமே நான் செய்யறது எல்லாமே இப்படித்தாம்மா. பிரிச்சுத் தனியாத் தூக்கற மாதிரி."

சுத்தியலைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். கேட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்தார். சகலை இன்னும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். மில்லி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பின்வழியாக இறங்கிப் போனார்.